ஆகாரமும் ஆரோக்கியமும்

(கோவில்பட்டியில் கூடிய சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"ஆன்டி ஆக்ஸிடென்ட்" என்னும் சொல் இந்நாளில் மருந்துக்கடைப் புட்டிகளின் மேலெல்லாம் காணப்படுகிறது. அது யாதென்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

உடைத்து வைத்த நிலக்கடலைப் பருப்பு நாட்பட்டால் காறுகிறதன்றோ? பிராணவாயு அதிலுள்ள எண்ணெயைக் கெடுப்பதே அதற்குக் காரணம். தோட்டுக்குள் இருக்கும் பருப்போ எளிதிற் கெடுவதில்லை. நம் தேகத்திலும், உண்ட ஆகாரம் பிராணவாயுவுடன் கூடிச் சக்தியாக மாறுகையில் நிலையற்ற சில நுண்பொருள்கள் உண்டாகின்றன. அவை மிகுந்தால் உயிரணுக்களுக்குச் சேதம் விளையும். அச்சேதத்தைத் தடுக்கும் பொருள்கள் சிலவற்றைத் தேகம் தானே உண்டாக்கிக்கொள்கிறது; ஏனையவை ஆகாரத்தினின்றே கிடைத்தல் வேண்டும். நெல்லிக்காயில் 'சி' வைட்டமினும், நிலக்கடலையில் 'ஈ' வைட்டமினும், முருங்கைக்கீரையில் கரோட்டீனும் உள்ளன. கம்பு, சோளம், குதிரைவாலி ஆகியவற்றின் தவிட்டில் பாலிபீனால் என்னும் சத்துக்கள் அடங்கியுள்ளன.

இக்கரிசற் பூமி நமக்களித்த செல்வம் இத்தானியங்களே. 1901-ல் இவ்வூரில் நிறுவப்பெற்ற விவசாய ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை இன்றும் ஆராய்ந்து வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. உலகம் போற்றுவதை நாம் ஏழைச்சோறென்று இகழலாமா? குதிரைவாலி வெள்ளைவெளேரென்று இருக்கவேண்டுமென விரும்பித் தீட்டச் சொல்கிறோம். தவிட்டோடு சத்தும் போகிறது.

இனி, மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பின்லாந்து தேசத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. பீட்டா கரோட்டீன் மாத்திரையால் நுரையீரற் புற்றுநோய் குறையுமென எதிர்பார்த்தனர். 1994-ல் வெளியான முடிவோ, அதை உண்டவரிடையே அந்நோய் 100-க்கு 18 வீதம் மிகுந்ததெனக் காட்டிற்று. ஆகாரத்தில் கலந்து நிற்கையில் நன்மை செய்வது, தனியே பிரித்து மிகுதியாய் உண்கையில் தீமையாகவுங் கூடும். ஆகையால் வைத்தியர் சொல்லாமல் அத்தகைய மாத்திரைகளை வாங்கற்க. நோய் கண்டவர் ஆகாரத்தையே மருந்தென நம்பிச் சிகிச்சையை நிறுத்துவதும் தகாது.

சகோதரிகள் கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. தானியத் தவிட்டிலுள்ள சில பொருள்கள் இரும்புச்சத்து தேகத்திற் சேர்வதைச் சிறிது தடுக்கும். 'சி' வைட்டமினோ அதற்குத் துணைபுரியும். இரத்தக்குறைவு மிகுந்த நம் பெண்மக்கள், கம்பஞ்சோற்றுடன் பச்சை நெல்லிக்காயும் சேர்த்துண்பது நலம்.

நம் இல்லங்களில் வாரத்தில் இரண்டு நாளேனும் இவ்வாகாரம் இடம்பெற வேண்டும். விருந்தில் பரிமாறாததை வீட்டில் குழந்தைகள் மதியார். ஆதலால் சங்கத்தின் ஆண்டுவிழாப் பந்தியிலும் கம்பஞ்சோற்றுக்கு ஓரிடம் அளிக்கவேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.