மூன்று 'நீ'களும் ஒரு மொழிபெயர்ப்பாளனும்



ஸ்பானிய மொழியிலும் மொழிபெயர்ப்பிலும் முதுமாணிப் பட்டத்துக்குப் பயில்கிறேன் என்றால், பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 'மொழி தெரிந்தவர் மொழிபெயர்க்கலாம்தானே? அகராதியும் இருக்கிறது. அதற்கொரு பட்டம் எதற்கு?' நியாயமான கேள்வி. இன்று அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

ஸ்பானியம் சுமார் 20 நாடுகளின் மொழி. ஸ்பெயினில் 'தோர்த்தீயா' கேட்டால் உருளைக்கிழங்கு சேர்த்த முட்டைப்பொரியல் வரும். மெக்சிக்கோவில் சோள ரொட்டி வரும். 'குவாகுவா' என்றால் கியூபாவில் பஸ் வண்டி, சிலியிலோ கைக்குழந்தை. இவற்றை நல்ல அகராதி காட்டித்தரும். அகராதி கைவிடும் இடம் வேறு.

எதிரில் நிற்பவரை அழைக்க ஸ்பானியத்தில் 'தூ', 'வோஸ்', 'உஸ்தெத்' என மூன்று சொற்கள் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள் என்பது ஆரம்ப வகுப்புப் பாடம். ஆனால் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்களும், கணவன் மனைவியரும்கூட 'உஸ்தெத்' என்று பேசிக்கொள்வதுண்டு. அதை 'நீங்கள்' என்று பெயர்த்தால், அவர்களிடையே இல்லாத தூரத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். ஆர்ஜென்ரீனாவில் நெருக்கத்துக்குரிய சொல் 'வோஸ்'. ஆகவே யார், யாரோடு, எந்த ஊரில் பேசுகிறார் என்று கேட்காமல் ஒரு சொல்லையும் பெயர்க்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. 1218இல் தோன்றிய சலமன்காப் பல்கலைக்கழகத்தில் இன்று மொழிபெயர்ப்பு ஒரு பீடத்தில் வைத்துக் கற்பிக்கப்படுவதும் இதனாலேயே.

இதில் தமிழுக்கென்ன என்று கேட்பீர்கள். ஸ்பானிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடைகிறது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் வாழ்ந்த பாப்லோ நெருடாவையும் நம்மில் அநேகர் ஆங்கிலத்தின் தயவிலேயே அறிவோம். ஆங்கிலத்திலோ அந்த மூன்று சொற்களுக்கும் 'யூ' ஒன்றுதான். அங்கே அழிந்ததைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஊகித்தே மீட்க வேண்டும்.

நம்மிடமோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவியை 'நீர்' என்று அழைக்கையில் மதிப்பும் உரிமையும் ஒன்றாய் ஒலிக்கின்றன. பொகோட்டாத் தம்பதியரின் 'உஸ்தெத்'துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எங்கே கிடைக்கும்? ஆங்கிலத்திடம் இல்லாத கருவி நம் கையில் இருக்கிறது. மூலத்தை நேரே படிப்பவருக்கே அதைப் பயன்படுத்த வாய்க்கும்.

வருமானம் என்ன என்றும் கேட்கலாம். 1605இல் வெளிவந்த 'தொன் கிஹோத்தே' நாவலை, அரபு ஏட்டிலிருந்து பெயர்க்கப்பட்ட கதை போலவே செர்வாந்தேஸ் புனைந்திருக்கிறார். அதை மொழிபெயர்த்தவனுக்குக் கூலி, உலர்ந்த திராட்சையும் கோதுமையும்! இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. எனினும், இடையில் மூன்றாம் மொழி நில்லாமல் ஒரு நல்ல நூலைத் தமிழ் வாசகர் கையில் கொடுக்க முடியுமானால், எனக்கு அந்தக் கூலியே போதும்.