தண்ணீர்க் காவல்

மன்னார் என்றதும் பலருக்கு நினைவில் எழுவன கடலும் முத்துக்குளிப்பும், தீவிலே பருத்து நிற்கும் பெருக்க மரங்களும், தெருவிலே திரியும் கழுதைகளுமே ஆகும். ஆனால் மன்னாருக்கு வேறொரு முகமும் உண்டு. தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வந்து நானாட்டானையும் முருங்கனையும் அடைந்தால், கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்வெளி பரந்து கிடக்கும். அவ்வயல்வெளிக்குக் கிழக்கே மடுக் காடு. தெற்கே அருவியாற்றையும் மோதரகம் ஆற்றையும் கடந்தால் வில்பத்துப் பெருங்காடு. ஒரு கால் வயலிலும் மறு கால் காட்டிலும் ஊன்றி வாழ்ந்தவர்கள் இப்பகுதி மக்கள். மாடு தேடவும், தேன் எடுக்கவும், கம்பு தடி வெட்டவும், பாலைப்பழம் பொறுக்கவும் அவர்கள் காட்டுக்குள் போய்த்தான் தீரவேண்டும்.

அவ்வாறு போனவர்கள் எவ்விலங்குக்கு மிகவும் அஞ்சினார்கள்? யானைக்கு என்று பலர் எண்ணக்கூடும். யானை பெரியது, கிளை முறியும் ஓசையால் தன் வரவைத் தெரிவித்துவிடும். சிறுத்தை மனிதவாடை பட்டதும் ஒதுங்கிப் போகும். கரடியோ அப்படியன்று. அதற்குக் கண்பார்வை மங்கல். காதும் அத்துணைக் கூர்மையன்று. மூக்கைப் புற்றுக்குள் நுழைத்துக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஆள் வந்து நிற்பதும் அதற்குத் தெரியாது. திடீரென்று தெரிய வரும்பொழுது, ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்துவிடும். அது குறிவைப்பது பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே. ஒரு கண்ணை இழந்தவர்களும், தாடை சிதைந்தவர்களும், வாழ்நாள் முழுவதும் துணியால் முகத்தை மறைத்துத் திரிந்தவர்களும் வன்னிக் கிராமங்களில் இருந்திருக்கிறார்கள். இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே அக்காலத்துக் கரடி வேட்டை.

வேட்டையாடுவதற்கு உலகிலே பல வழிகள் உண்டு. வட அமெரிக்காவிலே கருங்கரடியை இரை வைத்துச் சுடும் வழக்கம் இன்றும் சில மாநிலங்களில் இருக்கிறது. பழைய ரொட்டி, இனிப்புப் பண்டம், கொழுப்பு முதலியவற்றைக் காட்டில் ஓரிடத்திலே நாள்தோறும் கொட்டிக் கரடியைப் பழக்குவார்கள். பின்னர் ஒருநாள் மரத்துப் பரணிலே துப்பாக்கியுடன் காத்திருப்பார்கள். இது முறையா என்ற கேள்வி அங்கே பொதுமக்கள் வாக்கெடுப்புவரை சென்றது. கொலராடோ மாநிலத்தார் 1992இலும், ஒரிகன் மாநிலத்தார் 1994இலும், வாஷிங்டன் மாநிலத்தார் 1996இலும் இரைவைத்துக் கரடியைச் சுடுவதைத் தடுத்தார்கள். மேய்ன் மாநிலத்தாரோ 2004இலும் 2014இலும் இருமுறை வாக்களித்தும், அத்தடை வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள்.

நமது வரண்ட நாட்டிலே கரடிக்கு எவரும் இரை வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த வேலையை வெயில் செய்தது. வைகாசி பிறந்து சோளகக் காற்று வீசத் தொடங்கினால் காட்டுக்குள் மோட்டைகள் ஒவ்வொன்றாய் வற்றும். அருவியாற்று மணலிலே தோண்டிய பூவல்களும், ஓரிரண்டு வில்லுகளும், ஆழமான சில குழிகளுமே எஞ்சும். அதே வேளையில் பாலை மரங்கள் மஞ்சள் மணிகளைக் கொட்டியதுபோலப் பழுக்கும். பாலைப்பழத்தின் இனிப்புக்கு மனிதனும் அடிமை, கரடியும் அடிமை. மரத்திலே பழம், மரத்தடிக்கு அண்மையிலே நீர் என்றால் கரடி வராமலிருக்குமா? இயற்கை வைத்த இரைக்கு அருகே மனிதன் பதுங்கிக் காத்திருந்தான். அதற்குத் தண்ணீர்க் காவல் என்று பெயர் சொன்னால் பொருந்தும்.

நீர்வேட்கை கரடியை எதுவரை கொண்டுபோகும் என்பதற்குச் சரித்திரச் சான்று ஒன்று உண்டு. இலங்கையிலே குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் என்பவர், 1850இல் வட மாகாணத்திலே நேர்ந்த கொடிய வரட்சியைப்பற்றி எழுதியிருக்கிறார். அவ்வாண்டு கரைச்சிப் பகுதியிலே கரடித் தொல்லை மிகுந்தமையால், பெண்கள் கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போகும் வழக்கமே நின்றுவிட்டதாம். இரவிலே தாகத்தால் கிணற்றுக்குள் சறுக்கி இறங்கிய கரடி, வழுக்கும் மண்ணிலே மேலேற முடியாமல் விடியும்வரை நீருக்குள்ளேயே கிடப்பது அங்கே அடிக்கடி காணப்பட்ட காட்சி. காலையில் குடத்தோடு வந்த பெண் எட்டிப் பார்த்தபோது, கீழே இரண்டு கண்கள் அவளைப் பார்த்திருக்கும்! அஞ்சியவள் அவள் மட்டுமா? கிணற்றுக்குள் கிடந்ததும் அஞ்சித்தானே கிடந்தது?

பழைய நாளிலே முதன்முறையாகத் தண்ணீர்க் காவலுக்குப் புறப்படும் ஓர் இளைஞனை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. அப்பகுதியின் ஒரு தலைமுறைக்கே அவன் பொது. அவனை அழைத்துச் செல்பவர் அவனுடைய அம்மான், காட்டை அறிந்தவர். துவக்கு வேலை கடைசி நாள் வேலை என்பது அம்மானின் முதற்பாடம். அதற்குப் பல நாள்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும்.

முதலில் இடம். அம்மான் மருமகனை நண்பகலிலே மோட்டைக்குக் கூட்டிச் செல்கிறார். ஈரமண்ணில் பதிந்த அடிகளைக் காட்டுகிறார். கரடியின் பின்னடி ஏறக்குறைய மனிதப் பாதம் போன்றிருக்கும். ஆனால் விரல்களுக்கு முன்னே நகம் குத்திய குழிகள் தெரியும். பாலை மரப்பட்டையில் நகம் கீறிய வடுக்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். பழைய வடு எது, நேற்றைய வடு எது என்று கேட்கிறார். எச்சத்திலே பாலை விதை இருக்கிறதா, கறையான் தலைகள் இருக்கின்றனவா என்று கிளறிக் காட்டுகிறார். புற்றை உடைத்து, தூசியை ஊதித் தள்ளி, பின் உறிஞ்சும் விலங்கு அது. மேல் முன்பற்கள் இரண்டு இல்லாமையால் அந்த இடைவெளியே உறிஞ்சு குழாய் ஆகிறது. அவ்வோசை இரவிலே நெடுந்தூரம் கேட்கும். ‘அந்தச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்’ என்பது பாடம்.

இரண்டாவது காற்று. கரடிக்குக் கண்ணும் காதும் செய்யாத வேலையை மூக்கு செய்யும். அம்மான் ஒரு பிடி சாம்பலை விரலிடையே விடுகிறார்; அது வடகிழக்காய்ப் பறக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மோட்டையின் வடகிழக்குக் கரையிலேதான் இருக்கவேண்டும். ஆனால் இரவு முற்றினால் காற்று அடங்கலாம், திரும்பலாம். ஆதலால் சாம்பல் முடிச்சு மடியிலேயே இருக்கவேண்டும்.

மூன்றாவது உடல். காவலுக்கு முந்திய நாள் முதல் தலைக்கு எண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சுருட்டு இல்லை. வெள்ளை வேட்டி வேண்டாம். மங்கலான பழஞ்சாரமே போதும். நுளம்பு கடித்தாலும் கையோங்கி அடித்தலாகாது. இருமல் உள்ளவன் வீட்டிலேயே இருக்கட்டும். நான்காவது நிலா. வளர்பிறைப் பிற்பகுதியே ஏற்றது. நிலவில்லா இரவில் கரடி கரிய காட்டோடு கரைந்துவிடும், மார்பிலே உள்ள வெண்பிறை அடையாளங்கூடத் தெரியாது.

துவக்கு ஐந்தாவதாக வருகிறது. அந்நாளில் பெரும்பாலாரிடம் இருந்தது ஒரு குறியே கொண்ட இடியன் துவக்கு. முதற் குறி தவறினால் மறுபடி மருந்து இடிக்க நேரமில்லை. ஆகவே எட்டாத தூரத்தில் சுடாதே; நிச்சயமில்லாமல் சுடாதே; காயப்பட்ட கரடியை இருளில் தேடிப் போகாதே. ஏனெனில் காயப்பட்ட கரடியால் கெடுவது சுட்டவன் மட்டுமன்று. மறுநாள் ஒன்றும் அறியாமல் விறகுக்கு வரும் வேறொருவனே பெரும்பாலும் அதன் கோபத்துக்கு இரையாவான்.

இத்தனையும் கேட்ட பிறகு இளைஞன் ஒரு கேள்வி கேட்கிறான்.

“அம்மான், தண்ணிக்கு வந்ததைச் சுடலாமோ?”

பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. சாம்பல் முடிச்சைக் கட்டி மடியில் செருகிக்கொள்கிறார். பிறகு சொல்கிறார்: “கேட்கத்தான் வேணும், மருமகன். அது உன்னைத் தேடி வரேல்லை. தண்ணியைத் தேடி வருகுது. அதனாலைதான் எனக்கும் இண்டைக்குவரை வயிறு கலங்குகுது. அந்தக் கலக்கம் இல்லாதவன் துவக்கைத் தொடப்படாது.”

இரவு வருகிறது. இருவரும் சிறு குழியிலே, இலைமறைவில் இருக்கிறார்கள். முதலில் முயல், பின்னர் மான்கூட்டம், பின்னர் வெகுநேரம் ஒன்றுமில்லை. நடுச்சாமத்துக்குப் பின் உறிஞ்சும் ஓசை கேட்கிறது. இளைஞனின் நெஞ்சடிப்பு அவன் காதுக்கே இடிபோலக் கேட்கிறது. கரியதோர் உருவம் நிலவுக்குள் வருகிறது. அதன் முதுகு வழக்கத்துக்கு மாறாக மேடுபட்டிருக்கிறது. மேடு அசைகிறது. குட்டி! ஒன்றன்று, இரண்டு. கரடிகளுள் குட்டிகளை முதுகிலே சுமந்து திரியும் இயல்பு இந்த இனத்துக்கே சிறப்பாக உரியது. தாய் நீர்விளிம்பிலே குனிகிறது. குட்டிகள் இறங்குகின்றன. அம்மானின் கை மருமகனின் கைமேல் விழுந்து, துவக்கின் வாயைக் கீழே அழுத்துகிறது. தாய் குடித்து முடிக்கும்வரை இருவரும் அசையவில்லை. குட்டிகள் மறுபடி முதுகேறுகின்றன. உருவம் காட்டுக்குள் மறைகிறது. அன்றைய காவலின் பயன் அவ்வளவே. விடிந்தபின் ஈரமண்ணிலே பெரிய அடியொன்றும், அதனருகே சிறுவிரல்போன்ற நகக்குறிகளும் இருந்தன.

எல்லா இரவும் இவ்வாறு முடிந்தனவல்ல. கையை அழுத்தித் தடுத்த அம்மான்மார் எல்லாக் குழியிலும் இருக்கவுமில்லை. இலங்கைக் கரடிகளின் தொகை இன்று 500 முதல் 1,000 வரையே இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஒரு தாய்க்கு ஓர் ஈற்றிலே ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே. அவை தாயை விட்டுப் பிரிய ஏறக்குறைய இரண்டாண்டுகள் செல்லும். இத்தகைய இனம் சுட்ட வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பெருக மாட்டாது. 1937இல் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இன்று கரடியைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவாயிற்று. 1968இல் சரணாலயமான மடுவீதிக் காடு 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

துவக்கு ஓய்ந்தது, ஆனால் இரை ஓயவில்லை. அம்மானுக்குத் தெரிந்த முறைகள் அறமற்றவை என்று சொல்லுவோர், இன்று காட்டோரங்களில் நடப்பவற்றைக் காணவேண்டும். கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் ஆளில்லாமலே வேட்டையாடுகின்றன. பழத்துக்குள் வெடி மறைத்து வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்த அவ்வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்றுகள் நாள்கணக்கில் பட்டினி கிடந்து மடிகின்றன. கம்பிக்குத் தாயென்றும் குட்டியென்றும் தெரியாது. அதன்மேல் கைவைத்து அழுத்த அம்மானும் இல்லை.

அதேபோல, கரடிக்கு அஞ்சும் கிராமத்தவனின் துன்பத்தையும் சட்டப்புத்தகம் ஒன்று மட்டும் தீர்த்துவிடாது. நெடும்போரிலே இடம்பெயர்ந்து, 2009இற்குப் பின் திரும்பிய மக்கள் பலர், தாம் விட்டுப்போன காணிகளைக் காடாகவே கண்டார்கள். தேனுக்கும் மாட்டுக்கும் காட்டை நம்பியவனிடம் ‘கரடியைக் காப்பாற்று’ என்று சொல்லுமுன், ‘உன்னை இவ்வாறு காத்துக்கொள்’ என்றும் சொல்லவேண்டுமன்றோ?

அங்கேதான் அந்தப் பழைய ஆயத்தம் மறுபடி பயன்படுகிறது. அடியைப் படிக்கத் தெரிந்தவன் புதிய அடி கண்ட இடத்தில் நின்றுவிடுவான். காற்றை அறிந்தவன், தன் வாடை கரடிக்கு எட்டாத திசையில் தான் நடக்கும்போதே ஆபத்து மிகுதி என்பதையும் அறிவான். அங்கே மௌனமாய்ப் போகாமல் உரக்கப் பேசிக்கொண்டு போவான். பாலை பழுக்கும் நாளில் அதிகாலையிலும் அந்தியிலும் மரத்தடிக்குச் செல்லான்; தனியே செல்லான். புற்றும் பாறைக்குகையும் உள்ள இடத்தை விலகி நடப்பான். கரடியைக் கண்டால் ஓடாமல், முகம் திருப்பாமல், மெல்லப் பின்வாங்குவான். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, இரு கைகளாலும் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு சேர்த்து அசையாது கிடப்பான். அது நீங்கியபின், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கட்டி, காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சோளகம் இவ்வாண்டும் வீசும், மோட்டைகள் வற்றும், பாலை பழுக்கும். அருவியாற்றுப் பூவலுக்கு மனிதனும் வருவான், மாடும் வரும், இருட்டியபின் கரடியும் வரும். ஒரே நீருக்கு மூவரும் உரியவர்கள். பகலிலே குடத்தை நிரப்பிக்கொண்டு, அந்திக்கு முன்னரே கரையை விட்டு விலகி வருவதே இனிச் செய்யத்தக்க தண்ணீர்க் காவல். மறுநாள் காலையில் ஈரமண்ணிலே ஒரு பெரிய அடியும் அதனருகே சில சின்ன அடிகளும் காணப்படுமானால், காவல் நன்றாக நடந்தது என்று நானாட்டான் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.