இல்லத் தோட்டமும் இன்றியமையாக் கருவிகளும்

(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், தாம்பரத்திற்கு வடக்கே உள்ள பல்லாவரத்தில், நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்தே தொடங்கியது. அக்கால மாந்தர் வெட்டவும் தோண்டவும் தோலுரிக்கவும் ஒரே கல்லைக் கையாண்டனர். தோலுரிப்பதை இவ்வவையில் சொல்ல நேர்ந்ததைப் பொறுத்தருள்க!

இன்று அதே வட்டாரத்தில், மாடியில் நான்கு வெண்டைச் செடி வைக்க விரும்பும் குடும்பம் முதலில் வாங்குவது பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் அடங்கிய கருவிப் பெட்டி. இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள் அவற்றுட் பாதி துருவேறி மாடிப்படியின் கீழ் ஒதுங்கிவிடுகிறது. செடியோ, அதற்கு முன்பே வாடியிருக்கும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து சென்னைப் புறநகருக்குக் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுட் பல, ஓரிரு தலைமுறைக்கு முன்வரை உழவுத் தொழிலையே மேற்கொண்டவை. அவ்வீடுகளில் ஏரும் பரம்பும் நீங்கலாக இருந்தவை ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஓர் அரிவாள், ஒரு கடப்பாரை, சில கூடைகள். வாய் தேய்ந்தால் ஊர்க் கொல்லர் காய்ச்சித் தட்டிக் கொடுப்பார். காம்பு முறிந்தால் வேலங்கழி ஒன்று போதும். அவை கொண்டு ஏக்கர்க் கணக்கில் பயிர் செய்தனர்.

ஆயினும் அவர்களுடைய உழவுக்கும் இன்றைய மாடித் தோட்டத்திற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அதைக் கூசாமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை ஆன்றோர் நான்காக வகுத்தனர். கருதிச் செய்வதை முற்றும் விலக்கினர். உழவு முதலிய தொழிலால் நேர்வதை, வாழ்வு நடத்தத் தவிர்க்கவியலாதது என்று பொறுத்தனர். பாட்டனாரின் ஏருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. மாதச் சம்பளத்தில் வாழும் பேரனின் தோட்டத்திற்கு அதே சலுகையைக் கோர இயலுமா? பிழைப்புக்கன்றி மகிழ்வுக்காக மண்ணைக் கிளறுபவர்க்குக் கவனம் கூடுதலாகவே வேண்டும்.

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டகம், பயனற்ற பாவங்களை விலக்கும் அநர்த்த தண்ட விரதத்தைச் சொல்லுமிடத்து, வீணே மண்ணைத் தோண்டுவதையும், நீரை இறைப்பதையும், தீ மூட்டுவதையும், செடிகொடிகளை அறுப்பதையும் ஒருசேர எண்ணுகிறது. கொலைக்குத் துணையாகும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதைக் கண்டிக்கையில் வாளோடும் கோடரியோடும் மண்வெட்டியையும் சேர்க்கிறது. வாளுக்கு அருகில் மண்வெட்டியா என்று வியப்போர், மழை நின்ற மறுநாள் ஈரமண்ணில் ஒரு வெட்டு வெட்டிப் புரட்டிப் பார்க்கட்டும். துண்டுபட்ட மண்புழு விடை சொல்லும். எனவே, கருவியைக் குறைப்பதில் முதற்படி, தோண்டுவதைக் குறைப்பதே.

கிழங்கு வகைகளை விலக்கும் இல்லங்களுக்கு இது எளிது. அறுவடைக்காக மண்ணை அகழ வேண்டியதே இல்லை. அவரை, புடலை, கொத்தவரை, வெண்டை ஆகியவற்றை விரலாலோ சிறு கத்தியாலோ கொய்யலாம். கீரையிலும் தேர்வு உண்டு. முளைக்கீரையை வேரோடு பிடுங்குவர். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஒரு விதைப்பு மாதக்கணக்கில் கறிக்கு உதவும்.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்தது. அதன் வளாகத்துக் குறுங்காட்டைக் கண்டோர் அறிவர்: அங்கே எவரும் கொத்துவதில்லை, உதிர்ந்த சருகு மக்கி மண்ணை மெத்தென்று வைத்திருக்கிறது. ஜப்பானிய உழவர் மசானோபு ஃபுகோகா தம் வயலை உழாமல் பயிர் செய்ததும் இந்த வழியைப் பார்த்தே. வேம்பும் புங்கும் உதிர்க்கும் சருகைத் தெருவோரம் கொளுத்துவதை விடுத்துச் செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரம் பரப்பினால், ஒளி படாமையால் களை எழும்பாது. கத்திரி வெயிலிலும் ஈரம் நிற்கும். களைக்கொத்துக்கு வேலை குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இம்முறை தொல்லை தரும். ஓயாத மழையில் தண்டு அழுகும். நத்தைகள் வந்து தங்கும். அப்போது சருகைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிவிடல் நன்று.

அரசின் தோட்டக்கலைத் துறை 2021-22ஆம் ஆண்டில் வழங்கிய மாடித் தோட்டத் தளையில் 6 செடிப் பைகள், 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க் கட்டிகள், 6 வகைக் காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு ஆகியவை இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ள தளை, மானியம் போக 225 ரூபாய். அதில் இரும்புக் கருவி ஒன்றுமில்லை. நார்க்கட்டியை நீரில் ஊறவைத்துக் கையாலேயே உதிர்க்கலாம். விதைக்குழியை விரல் இடும். ஈரம் உண்டா என்பதையும் விரலே உணரும்.

மாடிக்கு ஒரு பூவாளியும் ஒரு சிறு கத்தியும் போதும். அடியில் ஆணியால் துளையிட்ட பழைய தகர டப்பாவும் பூவாளியாகும். நிலம் உள்ள வீட்டிற்குக் களைக்கொத்தும் மண்வெட்டியும் கூடுதல். சரளை மண்ணில் குழியெடுக்கக் கடப்பாரை வேண்டுமெனின், ஆண்டிற்கு ஒரு நாள் வேலைக்காக வீட்டுக்கொன்று வாங்குவானேன்? தெருவுக்கு ஒன்று போதும். இரவல் கொடுப்பவர் எதற்கென்று கேட்டுக் கொடுப்பது மேற்சொன்ன விரதத்திற்கு ஒத்தது.

உள்ள கருவியைப் பேணுதல் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கடற்காற்று வீசும் புறநகரில் இரும்பு ஓரிரவில் துரு பிடிக்கும். பயன்படுத்தியதும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவி, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். மழுங்கிய வாயை அரத்தால் தீட்டினால், ஒரே வெட்டில் முடியும் வேலைக்கு மூன்று வெட்டு விழாது.

ஆடிப் பட்டத்தில் அவரை விதைக்க எண்ணுவோர், ஊரிலிருந்து கொணர்ந்து மூலையில் சாத்திய பழைய மண்வெட்டியை இப்போதே எடுத்துப் பார்க்கலாம். காம்பு ஆடினால் புதிது வாங்க வேண்டியதில்லை; முதல் நாளிரவு தலைப்பகுதியை நீரில் ஊறவைத்தால் மரம் உப்பி இறுகிக்கொள்ளும்.