பறையும் பற்றுவரவும்

(நைனார்பாளையத்தில் நடந்த கலை இரவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பறையைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அதைப் பற்றிப் பேச இன்றைக்கு ஆள் நிறைய இருக்கிறது. ஆதி இசை, விடுதலை இசை, தமிழர் இசை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அடிக்கிற மனுசரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. கவிதை எழுதுவது ராத்திரியில். பகலெல்லாம் பற்று எது, வரவு எது என்று பார்க்கிற வேலை. அந்தப் பார்வையிலேயே பேசுகிறேன்.

எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், எழுபதைத் தாண்டியவர். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அடுத்து அவரே மேடையேறி அவர் வாயால் சொல்லுவார். பத்து வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சுற்றுகிறேன். சின்னசேலத்தில் ரயிலேறி விருத்தாசலம் போயிருக்கிறோம். பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் போயிருக்கிறோம். மடியில் மோளம், இடுப்பில் குச்சி, பையில் ஒரு மாத்துவேட்டி. இவ்வளவுதான் அவர் சாமான்.

வழியெல்லாம் பேச்சுத்தான். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போதே அன்றைக்கு அடி எப்படி வரும் என்று சொல்லிவிடுவார். "எரியறத பாக்காத, தோல கேளு"ன்னுவார். சாமி அடி, கல்யாண அடி, சாவு அடி எல்லாம் அவர் விரலில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் பையனாக இருந்த காலத்தில் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் போயே ஆகவேண்டும். கூலி என்று பேசமுடியாது. களத்தில் போடுகிற தானியம், எழவு வீட்டில் ஊத்துகிற கள்ளு, அதுதான். நம் தென்னாற்காட்டில் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்காதே என்று சொன்னவர். தீண்டாமையை விசாரிக்க 1965ல் இந்திய அரசு போட்ட குழுவுக்குத் தலைமை தாங்கி 1969ல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. அந்தப் பேச்சு சேரி சேரியாகப் பரவியது. பெரியப்பாவும் மோளத்தைப் பரணில் போட்டார். பல வருசம் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தது இயக்கக் கூட்டத்துக்குத்தான். ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். "அவன் கூப்பிட்டப்ப மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது பாரு, அன்னிக்குத்தாண்டா அது நம்ம மோளமாச்சு" என்றார். பறையை எரிப்பதா, எடுப்பதா என்று நம்முடைய பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

வயசான கலைஞரோடு சிநேகமாக இருப்பது, கூடவே ஊர் சுற்றுவது என்றால் என்ன? இதைக் கறுப்பின மக்களின் கதையை வைத்துப் பார்க்கலாம். அவர்களோடு நமக்குப் பழைய உறவு. டூபாய்ஸுக்கு அம்பேத்கர் 1946ல் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் தலித் பாந்தர்கள் பேர் எடுத்ததும் அங்கிருந்துதான். அந்த மக்கள் பருத்திக் காட்டிலும் சிறையிலும் வளர்த்த பாட்டு ப்ளூஸ்.

லெட்பெல்லி என்று ஒரு பாடகர். 1933ல் லூசியானாவின் அங்கோலா சிறையில் இருந்தார். பாட்டுச் சேகரிக்கப் போன ஜான் லோமாக்ஸ் என்ற வெள்ளைக்கார அறிஞரும் அவர் மகன் ஆலனும் அவரைக் கண்டார்கள். 1934ல் விடுதலையானதும் லோமாக்ஸுக்குக் காரோட்டியானார். காரோட்டுவதும் அவர், போன இடத்தில் பாடுவதும் அவர். செய்திப்படம் எடுக்க மறுபடி கைதி உடையை மாட்டி நடிக்க வைத்தார்கள். 1935ல் போட்ட ஒப்பந்தத்தில் வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்கு அப்பனுக்கும் மகனுக்கும். அந்த மார்ச்சிலேயே பிரிந்தார்கள். 1949 டிசம்பரில் லெட்பெல்லி செத்தார். அடுத்த வருசமே அவர் பாடிப் பரப்பிய ஒரு பாட்டு, வேறு குழு பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

லோமாக்ஸ் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பாட்டுகளில் எத்தனையோ மண்ணோடு போயிருக்கும். அவருக்குப் பாட்டின் மேல் ஆசை நிஜம். கணக்குத்தான் சரியில்லை.

இன்னொரு கதை. சன் ஹவுஸ் 1930ல் இசைத்தட்டுக்குப் பாடியவர். பிறகு வடக்கே ராச்சஸ்டர் நகரத்துக்குப் போய், பாட்டையே விட்டிருந்தார். 1964 ஜூனில் டிக் வாட்டர்மேனும் இரண்டு நண்பர்களும் மிசிசிப்பியில் காரில் தேடியலைந்து, கடைசியில் ராச்சஸ்டரில் கண்டுபிடித்தார்கள். அதே ஜூன் 21ஆம் தேதி மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்கு வேலை செய்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலம். கிழவருக்குத் தன் பாட்டே மறந்துபோயிருந்தது. ஆல் வில்சன் என்ற இளைஞர் பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். வாட்டர்மேன் அவருக்கு மேலாளராகக் கூடவே இருந்தார். ஆர்தர் க்ருடப் 1946ல் பதிவு செய்த பாட்டை 1954ல் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பேர் வாங்கினார். க்ருடப் கூலி வேலைதான் செய்தார். அவருக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகைக்கு வாட்டர்மேன் வருசக்கணக்கில் அலைந்தார். 1974ல் க்ருடப் இறந்த பிறகுதான் குடும்பத்துக்குப் பணம் வந்தது.

ஆசை ரெண்டு பேருக்கும் இருந்தது. ஒருவர் அதைத் தன் பெயரில் வரவு வைத்தார். இன்னொருவர் பாடினவர் பெயரில் வரவு வைக்க அலைந்தார். சிநேகிதம் என்பது ரெண்டாவதுதான்.

இப்போது நம்ம கதைக்கு வாருங்கள். ஒரு கல்லூரி விழாவுக்குப் பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். பேர் சொல்லவில்லை. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் எல்லோருக்கும் பேர், பட்டம். இவருக்கு "பறை குழுவினர்". விருந்தினருக்கு மேசையில் இலை, இவருக்குப் பொட்டலம். செல்போனில் படம் பிடிக்க அம்பது பேர். பஸ் காசு கேட்க அலுவலகத்தில் நின்றது நாங்கள் ரெண்டு பேர். களத்துத் தானியம் மாலையாகவும் சால்வையாகவும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சால்வையை வைத்து உலை கொதிக்காது.

இதைச் சட்டத்தை வைத்தே கேட்கலாம். காப்புரிமைச் சட்டத்தில் 1994ல் வந்த திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைக் கொடுத்தது. பாடுகிறவர், அடிக்கிறவர், ஆடுகிறவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து விற்கமுடியாது. 2012 திருத்தம், வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உரிமைத்தொகையும், இன்னார் நிகழ்த்தியது என்று பேர் போடச் சொல்லும் உரிமையும் கொடுத்தது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007லிருந்து இருக்கிறது. 2025ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்கெல்லாம் சந்தோசம். ஆனால் சேரிக்குச் சேரி ஆசான்கள் இருக்கிறார்கள். வாரியத்தில் பதிவு பண்ணக்கூட ஆள் துணையில்லாமல் இருக்கிறார்கள்.

படித்த பிள்ளைகள் அந்தத் துணையாக இருங்கள். கூப்பிட வருகிறவனிடம் முன்கூட்டியே தொகை பேசுங்கள். பணம் அவர் கணக்கிலேயே விழட்டும். மனு எழுதுங்கள், ஆபீசுக்குக் கூடப் போங்கள். அடிகளின் பேரையும் கற்றுக்கொடுத்தவர் பேரையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். அவர் வரமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் விடுங்கள். அந்த உரிமைக்கு அவர் தலைமுறை அடி வாங்கியிருக்கிறது.

அடுத்த மாதம் பறைப் பயிற்சி முகாம் போடுவதாகச் சொன்னீர்கள். செலவுப் பட்டியலில் முதல் வரியாக ஆசான் சம்பளத்தை எழுதுங்கள். பேனர், மைக் செட், சாப்பாடு எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.