பட்டைப் படமும் சாய்ந்த பெயர்களும்



மட்டாஞ்சேரி என்றதும் மிளகின் மணம் நம் நினைவுக்கு வருகின்றது. மிளகு வாணிகத்துக்கென 1957-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவப்பெற்றதும் இங்குள்ள யூதத் தெருவிலேதான். வாணிகத்தில் எண்ணும் பெயரும் இணைபிரியாதவை. விலையை மட்டும் உரக்கச் சொல்லி, எந்தச் சரக்கின் விலை என்பதைச் சொல்லாது விட்டால் யாருக்கு என்ன பயன்? கடைத்தெரு அறிந்த இவ்வுண்மையைப் படம் வரைவோர் பலர் மறந்துவிடுகின்றனர். அதனைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

அளவுகளை ஒப்பிட்டுக் காட்டுவதற்குப் பட்டைப் படம் மிக எளிய கருவி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பட்டை, அளவு கூடினால் பட்டை நீளும், குறைந்தால் குறுகும். கல்லாதவரும் கண்டவுடன் ‘இது பெரிது, அது சிறிது’ என்பர். ஆனால் எது பெரிது என்று சொல்லுவது பட்டை அன்று. அதன் அடியில் எழுதிய பெயரே. அப்பெயர் படிக்க இயலாதபடி கிடந்தால், படத்தின் பாதி ஊமையாகிவிடுகின்றது.

மிளகுத் தரங்களையே எடுத்துக்கொள்வோம். அக்மார்க் தரங்களுள் ஒன்றன் பெயர் ‘தெல்லிச்சேரி கார்பிள்டு ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு’ என்பது. தூசு தும்பு நீக்கிய மிளகில், 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் பருமணிக்கு உரிய பெயர் அது. மணி சிறிது, பெயரோ நெடிது! இத்தகைய தரங்கள் ஐந்தாறினை நிற்கும் பட்டைகளாக வரைந்தால், ஒவ்வொரு பெயருக்கும் கிடைக்கும் இடம் ஒரு பட்டையின் அகலமே. அதற்குள் ஐந்து சொற்களை எவ்வாறு அடக்குவது?

இங்கேதான் பலரும் குறுக்கு வழிகளை நாடுகின்றனர். சிலர் எழுத்தைக் கடுகளவாக்குவர். சிலர் பெயரைச் சாய்ப்பர்; சிலர் செங்குத்தாக நிறுத்தியே விடுவர். இடம் போதாதபோது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களைத் தாமே விட்டுவிடும் கணினி நிரல்களும் உள. கேரளத்தின் 14 மாவட்டங்களை வரைந்து ஏழு பெயர்களை மட்டும் எழுதினால், எறணாகுளத்தார் தம் பட்டையை எங்கே தேடுவது?

சாய்ந்த எழுத்தைப் படிக்கக் கூடுதல் நேரம் ஆகும். செங்குத்தாக நின்றால் இன்னும் கடினம். தமிழ் எழுத்துக்கு இத்தொல்லை மிகுதி. நம் எழுத்துகளில் கொம்பும் சுழியும் புள்ளியும் மேலும் கீழும் பக்கங்களிலும் அமைகின்றன. சிறிய எழுத்தைச் சாய்த்தால் புள்ளி மறையும். ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தோன்றும். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாலோ, ‘கொ’ என்னும் ஓரெழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கவும் நேரும்.

சுருக்கி எழுதலாமே என்பர். வணிகர்க்குள் முதலெழுத்துகள் போதும். புதியவர்க்கு அவை புதிர். ‘திரு.’ என்று எழுதினால் திருவனந்தபுரமா, திருச்சூரா? தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழு ‘திரு’ என்றே தொடங்குகின்றன. திருநெல்வேலியின் கணக்கைத் திருவாரூரின் தலையில் ஏற்றிவிட அவ்வொரு சுருக்கம் போதும்.

இதற்கு மருந்து பழையது. வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1786-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தம் நாட்டின் ஓராண்டு ஏற்றுமதியையும் இறக்குமதியையும் பட்டைகளால் காட்டினார். பட்டைப் படத்தின் தொடக்கமாகக் கருதப்படும் அப்படத்தில் பட்டைகள் நிற்கவில்லை, படுத்திருந்தன. அயர்லாந்து, ரஷ்யா முதலிய பெயர்கள் நேர்வரிகளாக அவற்றின் பக்கத்தில் அமைந்தன. படிப்பவர் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே பெயர்கள் நெடியனவாயின், பெயரைச் சாய்க்காமல் பட்டையைப் படுக்க வைப்பதே முறை. இடப்புறத்தில் பெயர்களைப் பட்டியல் போல எழுதி, வலப்புறமாகப் பட்டைகளை நீட்டலாம். பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தினால் இன்னும் நன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 41 இலட்சம் மக்கள் வாழ்ந்த மலப்புறம் முதலிலும், சுமார் 8 இலட்சம் பேர் வாழ்ந்த வயநாடு இறுதியிலும் நிற்க, இடையிலுள்ள பன்னிரண்டும் தத்தம் பெயரோடு விளங்கும்.

ஆண்டுகளின் வரிசையைக் காட்டும்போது மட்டும் நிற்கும் பட்டைகளே பொருந்தும். காலம் இடமிருந்து வலமாகச் செல்வதாகக் காண்பது நமக்குப் பழக்கம். அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணை எழுதினாலும் குற்றமில்லை. 1960-க்கும் 1965-க்கும் இடையில் உள்ளவற்றை யாரும் எண்ணி அறிவர். மாவட்டங்களை அவ்வாறு ஊகித்து அறிய முடியாதன்றோ?

நிற்கும் பட்டைதான் வேண்டுமென்று விதி இருந்தால், முதலில் பெயரை இரண்டு வரிகளாக மடக்கிப் பார்க்கலாம். அதுவும் இயலாதெனில் 45 பாகை அளவு சாய்த்து, ஒவ்வொரு பெயரின் முடிவும் தன் பட்டையின் அடியில் வந்து சேருமாறு அமைக்க வேண்டும். அப்போது எப்பெயர் எப்பட்டைக்கு என்னும் ஐயமாவது எழாது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியொரு பொறுப்பும் உண்டு. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டறிக்கையிலும் தட்டியிலும் வரவு செலவையும் மாணவர் தொகையையும் படமாக வரைகின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளில் பலர் தமிழை வீட்டிலே மட்டும் கற்றவர்கள். எழுத்தைக் கூட்டிப் படிப்பவர்கள். நேராக எழுதிய பெயரை அவர்கள் முயன்று படித்துவிடுவர். சாய்ந்து கிடக்கும் பெயரை விட்டு, அருகிலுள்ள ஆங்கிலத்துக்குப் போய்விடுவர். அடுத்த அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன், அப்படத்தை அத்தகைய பிள்ளை ஒன்றிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுவோம். அது தலையைச் சாய்த்தால், நாம் பட்டையைப் படுக்க வைப்போம்.