கட்டியை மறைக்காதீங்க



எங்க சின்னம்மா மார்பில் வந்த கட்டியை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லலை. வலிதான் இல்லையேன்னு ஒரு வருஷம் இருந்துட்டாங்க. அதுக்குள்ள எலும்பு வரைக்கும் பரவிடுச்சு.

பத்தாவதுல ‘செல்’ பத்திப் படிச்சோமே, அதுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய பொருள் இருக்கு. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகணும்னு கட்டுப்படுத்துறதில் அதுக்குப் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடிச்ச இருவருக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைச்சது. மார்பகப் புற்றுநோயில் அதில் சில வகை கூடி நோயைப் பரப்புது. பரவாமல் தடுக்கிற வகை குறைஞ்சிடுது. இதை வச்சு மருந்து தேடுறாங்க.

அதுவரை கட்டி காத்திருக்காது. 30 வயசு தாண்டினவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா பரிசோதிச்சுக்கலாம். சேமிப்பு, கடன் பேசுற குழுக் கூட்டத்தில் இதையும் பேசுவோம்.