விண்குப்பைக்கு உரியவர் யார்?



2013ஆம் ஆண்டு நோபு ஒக்காடா என்னும் ஜப்பானியர் நம் சிங்கப்பூரில் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்தைத் தொடங்கினார். விண்குப்பையை அகற்றுவதே அதன் தொழில். பயிரையும் வெள்ளத்தையும் காடழிவையும் கண்காணிக்கும் துணைக்கோள்கள் பழுதின்றி இயங்க வேண்டுமெனில், அவற்றின் பாதை தூய்மையாக இருத்தல் வேண்டும்.

அந்நிறுவனம் பின்னர் ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா எனக் கிளை விரித்தது. சந்தை தேடி மட்டுமே சென்றது என நான் கருதவில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, செயலிழந்த துணைக்கோளும் அதைப் பதிவுசெய்த நாட்டின் ஆளுகைக்கே உட்பட்டது. தெருக்குப்பையை எவரும் குனிந்து எடுக்கலாம். விண்குப்பையைத் தொட உரிய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, குப்பைக்கு உரியவரின் வாயிலுக்கே செல்ல வேண்டியதாயிற்று.

2021இல் அதன் எல்சா-டி கலம், தன்னிடமிருந்து பிரித்துவிட்ட சிறு கலத்தைக் காந்தத்தால் மீண்டும் பற்றியது. அது தன் பொருள், கேட்பாரில்லை. 2024இல் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்ட அட்ராஸ்-ஜே, 2009 முதல் சுற்றிவரும் ஜப்பானிய ராக்கெட்டின் மேல்நிலையை ஏறத்தாழ 15 மீட்டர் வரை நெருங்கிப் படமெடுத்தது. மூன்று டன் எடையுள்ள பொருள் அது. ஜப்பானிய விண்வெளி ஆய்வு முகமையின் திட்டமாதலால் ஒப்புதலுக்குத் தடையில்லை. அதைப் பற்றியிறக்கும் அடுத்த பணியும் அந்நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.